மார்பகப் பரிசோதனை: முடிவெடுக்கும் உரிமை மூதாட்டிக்கும் உண்டு

வட்டவடையின் மலைச்சரிவு வயல்களில் பூண்டும் கேரட்டும் விளைவிக்கும் தமிழ்ப் பெண்களில் எழுபது வயதைக் கடந்தவர்களும் உண்டு. பெரிய மருத்துவமனைக்குச் செல்ல அவர்கள் மலையிறங்க வேண்டும். அன்றைய கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகும். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை குறித்த விவாதம் இவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு, 2025 பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினத்தன்று தொடங்கிய மக்கள் இயக்கம், மகளிர் தினம் வரையிலான முதற்கட்டத்தில் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுக்கு முன்னுரிமை அளித்தது. அது சரியான பாதை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய இருபதாண்டு ஆய்வு இதற்குச் சான்று. 35 முதல் 64 வயது வரையிலான சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் இடம்பெற்றனர். பயிற்சி பெற்ற பணியாளர்கள் கையால் செய்த எளிய பரிசோதனை, ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடையோரிடம் மார்பகப் புற்றுநோய் மரணங்களை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது.

ஆனால் முதுமையில் கணக்கு மாறுகிறது. மேமோகிராம் பரிசோதனையின் பயன் கைக்கு வரச் சுமார் பத்தாண்டுகள் ஆகும். தீங்கோ உடனே வரக்கூடும். வாழ்நாள் முழுதும் தொல்லை தராமலே இருந்திருக்கும் கட்டியும் கண்டறியப்பட்டு, அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் உள்ளாகிறது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பரிசோதனையைத் தொடர்ந்த பெண்களிடம் கண்ட புற்றுநோய்களில் இத்தகையவை 70–74 வயதில் 31 சதவீதம், 75–84 வயதில் 47 சதவீதம் இருக்கலாம் என மதிப்பிட்டது.

இதைக் காட்டி மூதாட்டிகளைக் கைவிடுவது அநீதி. கட்டி, தோல் சுருக்கம், காம்பில் கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும், எந்த வயதிலும் உடனடி மருத்துவம் அவர்களின் உரிமை. ‘வயதாகிவிட்டதே’ என்ற சொல் அங்கே குற்றம். அறிகுறி ஏதுமற்றவருக்கோ வயதோடு உடல்நிலையும் விருப்பமும் சேர்த்தே எடைபோடப்பட வேண்டும். திடமான எழுபது வயதுக்காரரும் இதயநோயால் தளர்ந்த எண்பது வயதுக்காரரும் ஒன்றல்ல.

லாபம் தேடும் தனியார் மருத்துவமனைகள் ‘முழு உடல் பரிசோதனை’ விற்கும்போது இந்த எடைபோடலைச் செய்வதில்லை. இலக்கு எண்ணிக்கையைத் துரத்தினால் அரசு முகாமும் அதே தவறில் விழும். நன்மை, தீமை இரண்டையும் தாய்மொழியில் விளக்கும் பணியாளர், போக்குவரத்து வசதி, கட்டணமற்ற தொடர்சிகிச்சை ஆகியவற்றை மலைக்கிராமங்களுக்கு உறுதிசெய்யக் கோருவோம். முகாமுக்கு அழைத்துச் செல்லும் தோழர்களுக்கும் ஒரு கடமை உண்டு: அழைக்கும் முன் அந்த அம்மாவிடம் விளக்குங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள்.