மரத்துப் போன கன்னத்துக்கு விலை என்ன?

"முகம்தான் பழையபடி ஆயிடுச்சே, இன்னும் என்னப்பா வலி?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"வலி இல்ல சார். ஒண்ணுமே தெரியல. அதான் சார்" என்றார் அந்த இளைஞர்.

சூப்பர்வைசர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். தோழர்களே, அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரகடம் பக்கத்தில், பெரிய கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன பட்டறை. இளைஞர் அங்கே காண்ட்ராக்ட் தொழிலாளி. உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு நாள் இரவு ஷிப்டில், அழுத்தக் காற்று ஓடிக்கொண்டிருந்த ஏர் ஹோஸ் கழன்றது. அதன் நுனியில் இருந்த இரும்பு இணைப்பு பாம்பு மாதிரிச் சுழன்று வந்து இடது கன்னத்தில் அடித்தது. கன்ன எலும்பு நொறுங்கியது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள் சிறிய உலோகத் தகடு வைத்து, திருகு போட்டு, எலும்பை நிறுத்தினார்கள். நல்ல வேலை. கண் தப்பியது. வீக்கம் வடிந்தது. தழும்பு கூட உதட்டுக்கு உள்ளேதான், வெளியே தெரியாது.

ஆனால் கன்னம், மூக்கின் பக்கம், மேலுதடு, மேல் வரிசை முன்பற்கள் எல்லாம் மரக்கட்டை. சோற்றுப் பருக்கை உதட்டில் ஒட்டியிருந்தால் தெரியாது. மீசை ஒதுக்கும்போது பிளேடு கிழித்து ரத்தம் சட்டையில் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. சூடான டீ உதட்டைப் பொசுக்கிவிட்டது. மறுநாள் கொப்புளத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் கண்டுகொண்டார். வீட்டில் குழந்தை முத்தம் கொடுத்தால் எந்தப் பக்கம் கொடுத்தது என்று தெரியவில்லையாம். இதை என்னிடம் சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? கண்ணுக்குக் கீழே, எலும்புக்குள் இருக்கும் ஒரு சிறு வாய்க்கால் வழியாக ஒரு நரம்பு வந்து கன்னத்தில் பிரிகிறது. தொடுவதை, சுடுவதை, குத்துவதை மூளைக்குச் சொல்லும் தந்திக் கம்பி அது. எலும்பு உடையும்போது அதுவும் நசுங்குகிறது. சில சமயம் ஆபரேஷனில் இழுபடுகிறது. சிரிக்கவும் மெல்லவும் உதவும் நரம்புகள் வேறு. ஆகவே வாய் கோணாது, பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நசுங்கிய நரம்பு சில வாரத்தில், சில மாதத்தில் தேறும். அறுந்த நரம்பு மறுபடி வளர்ந்தால் நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர், மாதத்துக்கு ஓர் அங்குலம். நாற்று வளர்வதை விட மெதுவு! திரும்பி வரும்போது எறும்பு ஊர்கிற மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது நல்ல சகுனம். ஒரு வருஷம் தாண்டியும் அசைவே இல்லை என்றால் நம்பிக்கை குறைவு. அதுவரை நெருப்பு, வெல்டிங், கொதிக்கிற எண்ணெய் பக்கம் அந்த ஆளை நிறுத்தக் கூடாது.

மரத்துப் போவது ஒரு காயமா என்று கேட்பவர்கள், இதே நெடுஞ்சாலையில் மேற்கே போய் வேலூரைப் பார்க்கட்டும். 1946-ல் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளுக்கும் முகங்களுக்கும் ஆபரேஷன் செய்தார். விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அப்படி அல்ல, உணர்ச்சி செத்த கை அடுப்பில் சுட்டுக்கொள்கிறது, ஆணியில் கிழித்துக்கொள்கிறது, வலி இல்லாததால் ஆற விடாமல் உழைக்கிறது, அதனால்தான் தேய்கிறது என்று அவரும் அவரோடு இருந்தவர்களும் எடுத்துக் காட்டினார்கள். வலி என்பது காவல்காரன். காவல்காரனை இழந்தவன் ஒன்றையும் இழக்கவில்லை என்று எந்த நியாயத்தில் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது? விபத்து நஷ்டஈட்டுக்கு ஓர் அட்டவணை உண்டு. கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் நஷ்டம். ஒரு கண் போய் மறு கண் நன்றாக இருந்தால் 40. மிகக் கடுமையான முக விகாரம் என்றால் 100. ஆம், இரண்டு கைகளும் போனதற்குச் சமம்! முகம் கெட்டவனுக்கு முதலாளி வேலை தரமாட்டான் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் மரத்துப் போன முகத்துக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கி, பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தையும் நஷ்டஈட்டுச் சட்டத்தையும் அதில் ஒன்றுக்குள் தள்ளியது. அட்டவணையும் அந்த ஓட்டையோடு கூடவே போயிருக்கிறது.

பட்டியலில் இல்லை என்பதால் உரிமை இல்லை என்று அர்த்தமல்ல. பட்டியலில் இல்லாத காயத்துக்கும் சம்பாத்திய நஷ்டத்தை மதிப்பிட்டுச் சொல்லலாம். அதற்குத்தான் மருத்துவ போர்டு. தந்திரம் வேறிடத்தில் நடக்கிறது. விபத்து என்று எழுதாமல் "உடம்பு சரியில்லை" என்று லீவு எழுதச் சொல்கிறார்கள். வேலையில் பட்ட காயத்துக்கு, தேறும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் ஈ.எஸ்.ஐ. தர வேண்டும். நோய் என்றால் 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள். ஒரு வார்த்தையை மாற்றினால் எவ்வளவு லாபம் பாருங்கள்! விபத்துக் கணக்கும் சுத்தமாகிவிடும், வாசலில் "விபத்தில்லா நாட்கள்" பலகையும் மின்னும். நம் இளைஞருக்கும் இப்படித்தான் எழுதினார்கள். அன்று இரவு கூட நின்ற இரண்டு பேர் சாட்சி சொன்ன பிறகுதான் விபத்து அறிக்கை பிறந்தது. அந்த இரண்டு பேரும் காண்ட்ராக்ட்தான். அவர்கள் துணிச்சலை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

வயலில் உழைக்கும் தோழர்களுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. ஆனால் டிராக்டரிலோ மின்சாரத்தில் ஓடும் கதிரடிக்கும் யந்திரத்திலோ அடிபட்டால், அந்த நஷ்டஈடு பண்ணையாரின் கருணை அல்ல, சட்டப்படி கேட்க வேண்டியது.

முகத்தைச் சீர் செய்யும் வித்தை பணக்காரர்களின் அழகு சாதனம் என்று நினைப்பவர்களும் நம்மில் உண்டு. சென்னையில் சுருக்கம் நீக்க லட்சம் லட்சமாகச் செலவழிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கும் காதோரம் மரத்துப் போகிறது, ஓய்வெடுக்க மாதக்கணக்கில் வசதி இருக்கிறது. ஆனால் இந்த வித்தையின் பிறப்பு வேறு. 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்று ஒரு செய்தி வெளியிட்டது. ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்ற மராட்டியரைத் திப்புவின் படை பிடித்து மூக்கை அறுத்துவிட்டது. புனே அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார். (திப்புவைக் கொடியவனாகக் காட்டத்தான் அச்சிட்டார்களோ என்னவோ!) இதைப் படித்துத்தான் 1814-ல் லண்டனில் கார்ப்யூ என்ற டாக்டர் அதே முறையில் ஆபரேஷன் செய்து பெயர் வாங்கினார். மாடு ஓட்டியின் பெயர் இருக்கிறது. செங்கல் அறுத்தவர் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை.

இளைஞருக்கு இப்போது ஏழாவது மாதம். மூக்கோரத்தில் எறும்பு ஊர்கிறதாம். மேலுதடு இன்னும் மரம்தான். "பூரண குணம்" என்று ஒரு சீட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டது நிர்வாகம், அவர் போடவில்லை. நரம்பு வளர்ந்து முடியும் முன் எதற்கு முடிவான மதிப்பீடு? இப்போதைக்குத் தற்காலிக மதிப்பீடு போடுங்கள், பிறகு மறுபடி பாருங்கள் என்று போர்டிடம் கேட்கப் போகிறோம். டாக்டர் சீட்டில் "உணர்ச்சி இல்லை" என்ற இரண்டு வார்த்தையை எழுதி வாங்க மூன்று முறை அலைந்தோம். வாங்கிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை போர்டு. அந்த இரண்டு சாட்சிகளும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட வருகிறார்கள்.