நெல்லொடு காத்த சொல்

புற்றுநோய் 2018 திசம்பர் 6 அன்று நெல் செயராமனைக் கவர்ந்தது, அகவை ஐம்பதே. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய உழவர் அவர். நம்மாழ்வார் வழிநின்று 174 மரபு நெல்வகைகளை மீட்டவர்.

விதைநெல் 2 கிலோ பெற்றவர் மறுவாண்டு 4 கிலோவாய்த் திருப்புதல் வேண்டும். அதுவே அவர் வகுத்த முறை. ஆதலின் உடல் வீழ்ந்தும் விதை வீழவில்லை.

மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, பூங்கார் என்பன நெல் மட்டுமல்ல. உழவர் நாவில் வாழும் தமிழ்ச் சொற்கள். நெல் அழியின் சொல்லும் அழியும்.

காவிரிப் படுகையில் மீண்ட அவ்விதைகளை, ஏரிநீர் பாயும் செங்கற்பட்டிலும், அணுபுரம் சூழ்ந்த சிற்றூர்க் கழனிகளிலும், ஒரு பாத்தியிலேனும் தமிழுழவர் விதைப்பாராக! அதுவே அவர்க்கு நடும் நினைவுக்கல்.