ரவுட்டர் அப்டேட்: ஒரே கிளிக்கில் முடிய வேண்டிய வேலை, ஏன் இவ்வளவு தலைவலி?

கோரிப்பாளையத்தில் ஒரு வாடகை மாடி வீடு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐடி ஊழியர். காலை 10 மணிக்கு மீட்டிங். ‘அதுக்குள்ள ரவுட்டரை அப்டேட் பண்ணிரலாம்’ என்று முந்தைய இரவு உட்காருகிறார். தப்பான ஃபைல், பாதியில் நின்ற அப்டேட், அணையாத சிவப்பு லைட். மறுநாள் மீட்டிங் மொபைல் ஹாட்ஸ்பாட்டில். இப்படி நடக்குமோ என்ற பயத்திலேயே பலர் அந்தப் பக்கம் போவதில்லை.

அப்டேட் பண்ணாவிட்டால் என்ன?

ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். வீட்டின் மொத்த இணையப் போக்குவரத்தும் அதன் வழியாகத்தான். அதில் இருக்கும் ஓட்டையை அடைக்கத்தான் அப்டேட். அடைக்காவிட்டால், வெளியாள் உள்ளே புகுந்து செட்டிங்கை மாற்றி, வங்கி முகவரியைத் தட்டும்போது போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். நெட் வழக்கம்போல ஓடுவதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

போனில் ஈஸி, ரவுட்டரில் ஏன் கஷ்டம்?

பல போன்களில் புதிய மென்பொருள் தனி இடத்தில் பதிவாகும். சிக்கல் வந்தால் பழையதுக்கே திரும்பிவிடும். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் அதற்கு மெமரி போதாது. பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத வேண்டும். அந்த சில நிமிடங்களில் கரண்ட் போனால், ரவுட்டர் வெறும் பெட்டிதான்.

அடுத்தது மாடல் குழப்பம். ஒரே பெயரில் வி1, வி2, வி3 என்று விற்பார்கள். உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம், ஃபைலும் வேறு. எல்லாம் சரியாக முடிந்தாலும், சில சமயம் செட்டிங் அழிந்துபோகும். நெட் கனெக்‌ஷனுக்கான யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும். அது லைன் போட்டுக் கொடுத்த அண்ணனுக்குத்தான் தெரியும்!

2017-ல் என்ன நடந்தது?

பயனர் தலையில் வேலையைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கியது. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மோடம்கள் முடங்கியதாகச் செய்திகள் வந்தன. ‘அட்மின்’ என்ற ஆரம்ப பாஸ்வேர்டையே மாற்றாத மோடம்கள்தான் அதன் இலக்கு. அதன் பிறகே, பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை போனது. மாற்ற வேண்டும் என்பதே தெரியாதவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

யார் பொறுப்பு?

நெட் நிறுவனம் கொடுத்த ரவுட்டர் என்றால், ‘டிஆர்-069’ போன்ற தொழில்நுட்பம் மூலம் தூரத்திலிருந்தே அப்டேட் அனுப்ப அவர்களால் முடியும். பயனருக்கு முழு அனுமதி இல்லாத ரவுட்டரும் உண்டு. அங்கே பொறுப்பும் நிறுவனத்துடையதுதான். கடையில் வாங்கியது என்றால், தானாக அப்டேட் ஆகும்படி தயாரிப்பதுதான் நியாயமான தீர்வு.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் உள்ள சட்டம், எளிதில் ஊகிக்கக்கூடிய ஆரம்ப பாஸ்வேர்டுகளைத் தடை செய்கிறது. குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதையும் நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ரவுட்டர் வாங்கும்போது வேகத்தையும் விலையையும் மட்டும் பார்க்கும் நம் ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

* நெட் நிறுவனத்தின் ரவுட்டரா? கஸ்டமர் கேரை அழைத்து அப்டேட் பற்றிக் கேளுங்கள். நீங்களாக ஃபைல் ஏற்ற வேண்டாம்.
* சொந்த ரவுட்டரா? ஆப்பில் ‘ஆட்டோ அப்டேட்’ இருந்தால் ஆன் செய்யுங்கள்.
* ஃபைல் ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடலையும் வெர்ஷனையும் பார்த்து, நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஜிப் ஃபைலாக வந்தால் முதலில் பிரியுங்கள்.
* செட்டிங் பக்கங்களை போட்டோ எடுத்து, கனெக்‌ஷன் யூசர்நேம், பாஸ்வேர்டைக் குறித்து வையுங்கள்.
* வைஃபை வேண்டாம், கேபிளில் இணையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உள்ள நாளைத் தவிருங்கள்.
* அப்டேட் வருவதே நின்றுபோன பழைய ரவுட்டர் என்றால், மாற்றுவதுதான் ஒரே வழி.

முக்கியமாக, மறுநாள் காலை மீட்டிங் இருந்தால் அன்று இரவு தொடாதீர்கள்!