திரும்பி வந்த கதை



மேனிலைப் பள்ளியில் பயிலும் தம் மகனுடைய கதையொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தாய் நம்மைக் காண வந்தார். "ஐயா, ஏதோ ஒரு கதைத் தொகுப்புக்கு இதை அனுப்பப் போகிறானாம். படித்துப் பார்த்தேன், இரவெல்லாம் உறக்கம் வரவில்லை. எங்கோ தொலைவிலிருந்து ஏதோ ஒன்று வருகிறது. அதற்கு மனிதர் ஒரு பொருட்டே இல்லை. கடைசியில் யாரையும் யாரும் காப்பாற்றவில்லை. நாள்தோறும் செபமாலை சொல்லும் வீட்டில் பிறந்த பிள்ளை இப்படியும் எழுதுவானா? இதை அனுப்ப விடலாமா?" என்று கலங்கிய குரலில் வினவினார்.

அவர் கேட்டது ஒரு தாயின் கேள்வி. எனினும் பிள்ளைகள் எழுதும் இல்லங்கள் பலவற்றில் இக்கேள்வி இன்று சொல்லப்படாமல் கிடக்கிறது. ஆதலால் அவருக்கு நாம் கூறிய விடையை உங்களுக்கும் கூற விழைகிறோம்.

அந்தச் சிறுவன் எழுதியிருந்தது புதுமையான ஒன்றன்று. 'அண்டப் பேரச்சக் கதை' என்று இவ்வகையை நாம் அழைக்கலாம். நம் பாட்டிமார் சொன்ன பேய்க் கதைகளினின்று இது வேறுபட்டது. பேய்க்கு நம்மைத் தெரியும். தனக்கு இழைக்கப்பட்ட தீங்கிற்குப் பழிவாங்கவோ, நிறைவேறாத ஆசையை நிறைவேற்றவோ அது வருகிறது. அண்டப் பேரச்சக் கதையில் வருவதற்கோ நம்மைத் தெரியவே தெரியாது. வண்டிச் சக்கரத்திற்கு எறும்பின் மீது பகையில்லை. ஆயினும் எறும்பு நசுங்குகிறது. பரந்த பேரண்டத்தில் மனித குலம் அத்தகைய எறும்பேயானால் என்னாகும் என்ற எண்ணமே இக்கதைகளின் அச்சத்திற்கு ஊற்று.

இவ்வகைக் கதைகளுக்கு உருவம் தந்தவருள் முதன்மையானவர் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1890 ஆம் ஆண்டு பிறந்த எச். பி. லவ்கிராப்ட். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 'வியர்ட் டேல்ஸ்' என்னும் மலிவு விலை இதழுக்குத்தான் அவர் தம் கதைகளைப் பெரும்பாலும் அனுப்பினார். இன்று உலகெங்கும் பேசப்படும் 'க்துலுவின் அழைப்பு' என்ற கதையை அவ்விதழின் ஆசிரியர் பார்ன்ஸ்வொர்த் ரைட் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார். நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பின்னரே அது ஏற்கப்பட்டு 1928 பிப்ரவரியில் வெளிவந்தது. 1931 இல் எழுதிய 'பித்தின் மலைகளில்' என்ற நெடுங்கதையும் அதே ஆசிரியரிடமிருந்து திரும்பி வந்தது. இம்முறை லவ்கிராப்டின் உள்ளம் உடைந்தது. அதன் பின் அவர் எழுதியவை சில. எழுதியவற்றையும் அனுப்பத் தயங்கினார். அவர் அனுப்பாமல் வைத்திருந்த கதையொன்றை அவருக்குத் தெரியாமலே ஓர் இளம் நண்பர் இதழுக்கு அனுப்பி வைக்க, அது ஏற்கப்பட்டு 1933 இல் அச்சேறிய நிகழ்ச்சியும் உண்டு. 1937 இல், 46 ஆம் வயதில், வறுமையில் அவர் இறந்தார்.

அந்த இளம் நண்பரை நாம் அறிந்துகொள்வது நன்று. அவர் விஸ்கான்சின் மாநிலத்துச் சாக் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்த ஆகஸ்ட் டெர்லெத், கத்தோலிக்கர். மறைந்த நண்பரின் கதைகளை நூலாக்கப் பதிப்பாளர் கிடைக்காமற் போகவே, டொனால்டு வாண்ட்ரி என்பவருடன் சேர்ந்து 1939 இல் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்ற பதிப்பகத்தைத் தாமே தொடங்கினார். முதல் நூலில் 1,268 படிகளே அச்சிட்டனர். அவை விற்றுத் தீரவும் ஆண்டுகள் பிடித்தன. ஆயினும் அவர் தளரவில்லை. பழைய கதைகளைத் தொகுத்தார். புதிய எழுத்தாளரிடமிருந்து கதைகளை வரவழைத்தும் தொகைநூல்கள் வெளியிட்டார்.

அவ்வாறு வந்த கதைகளுள் ஒன்றே நாம் இன்று சொல்ல வந்தது.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1946 இல் பிறந்தவர் ராம்சே காம்ப்பெல். கத்தோலிக்கக் குடும்பம், கத்தோலிக்கப் பள்ளி. 14 ஆம் வயதில் லவ்கிராப்டின் நூலொன்று கைக்கு வந்தது, உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. உடனே தாமும் அதேபோல் எழுதத் தொடங்கினார். கதைகள் நிகழ்ந்த இடம் மாசசூசெட்ஸ் மாநிலம். கடல் கடந்த அந்த நிலத்தை அச்சிறுவர் கண்ணாற் கண்டதில்லை. லவ்கிராப்டின் கதைகள் அங்கு நிகழ்ந்தன. ஆகவே தம்முடையவையும் அங்குதான் நிகழவேண்டும் என்று எண்ணிவிட்டார்.

1961 இல், 15 வயதில், அக்கதைகளை டெர்லெத்துக்கு அனுப்பினார். டெர்லெத் கதைகளை அப்படியே ஏற்கவில்லை. குறைகளை ஒளிவு மறைவின்றி எடுத்துரைத்தார். அவற்றுள் தலையாயது இதுதான்: மாசசூசெட்ஸை விட்டுவிடு, உன் நாட்டில் கதையை நிகழ்த்து. எழுதியவர் சிறுவர் என்பது டெர்லெத்துக்குத் தெரிந்திருந்தால் சற்று மென்மையாக எழுதியிருப்பாரோ என்று காம்ப்பெல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு.

லவ்கிராப்டுக்கு வந்ததும் மறுப்பு. இச்சிறுவருக்கு வந்ததும் மறுப்பு. மூத்தவர் மனமொடிந்து ஒதுங்கினார். இளையவர் மீண்டும் மேசைமுன் அமர்ந்தார். இங்கிலாந்தின் செவெர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தம் கதைநிலமாகக் கொண்டு, பிரிச்செஸ்டர் முதலிய கற்பனை ஊர்களை அங்கே படைத்துக் கதைகளைத் திருத்தி எழுதினார். அவற்றுள் 'ஹை ஸ்ட்ரீட் தேவாலயம்' என்பது 1962 இல் டெர்லெத்தின் தொகைநூலில் வெளிவந்தது. அப்போது காம்ப்பெலுக்கு வயது 16. அவருடைய முதல் கதை நூலை ஆர்க்கம் ஹவுஸ் 1964 இல் வெளியிட்டபோது வயது 18.

கதை இத்துடன் முடியவில்லை. இடத்தை மாற்றிக்கொண்ட அவருக்கு இன்னொன்றையும் மாற்றவேண்டியிருந்தது. இடம் தம்முடையது, அச்சமோ இன்னும் லவ்கிராப்டிடமிருந்து பெற்ற கடனே. தமக்கே உரிய அச்சம் எங்கே இருந்தது? அவருடைய வீட்டிலேயே இருந்தது. அவருடைய பெற்றோர் அவர் குழந்தையாயிருந்தபோதே மனம் பிரிந்தவர்கள்; ஆயினும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். ஏறத்தாழ 20 ஆண்டுகள் தந்தையின் முகத்தை மகன் நேருக்கு நேர் கண்டதில்லை. மாடிப்படியில் காலடி ஓசை மட்டும் கேட்கும்; கதவுக்கு அப்பால் ஒருவர் நடமாடுவார். எழுதுமாறு ஊக்கிய அன்னையோ பின்னாளில் மனநோயால் துன்புற்றார். இவற்றையெல்லாம் காம்ப்பெல் தாமே எழுதி 1983 இல் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் காணலாம். 1973 இல் வெளிவந்த அவருடைய இரண்டாம் கதை நூலில் லவ்கிராப்டின் குரல் ஓய்ந்துவிட்டது. நகரத்துத் தெருக்களும், தனித்த மனிதர்களும், கடைக்கண்ணில் பட்டு மறையும் உருவங்களும் அவ்விடத்தில் வந்து அமர்ந்தன. காலடி ஓசை கேட்டு வளர்ந்த பிள்ளை தன் குரலைக் கண்டுகொண்டது.

கதைகளை வரவேற்கும் தொகுப்பாசிரியர்கள் 'சொந்தக் கதையாக இருத்தல் வேண்டும்' என்று தவறாது எழுதுகிறார்கள். பிறர் எழுதியதைப் படியெடுக்கலாகாது, வேறெங்கும் வெளிவந்திருத்தலாகாது என்பதே அதன் நேர்ப்பொருள். அதற்கு ஆழ்ந்த பொருளும் உண்டு என்பதை டெர்லெத்தின் மடல் உணர்த்துகிறது. உன் கால் பட்ட மண்ணும், உன் நெஞ்சு அறிந்த அச்சமும் கதையில் இருக்கிறதா என்பதே அது. கடற்பூதத்தின் பெயரை யாரும் எழுதிவிடலாம். அதனால் அச்சம் பிறப்பதில்லை. கடன் வாங்குவதில் தீங்கும் உண்டு. பிற இனத்தாரையும் குடியேறிகளையும் லவ்கிராப்ட் வெறுத்தார். அவ்வெறுப்பு அவர் கதைகளிலும் கசிந்திருக்கிறது. உலகக் கனவுருப் புனைவு விருதாக வழங்கப்பட்டு வந்த அவருடைய தலைச்சிலை 2015 இல் கைவிடப்பட்டதற்கு இதுவே காரணம். பூதத்தைக் கடன் வாங்கப் போய் வெறுப்பையும் வீட்டுக்குக் கொண்டுவரலாகாது.

அனுப்பும் முறைபற்றியும் சில சொல்வோம். அறிவிப்பை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டும். 5,000 சொற்கள் என்றால் 5,000 தான். 'பித்தின் மலைகளில்' திரும்பி வந்ததற்கு அதன் நீளமும் ஒரு காரணம் என்பதை மறக்கவேண்டா. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்பலாமா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கதை ஏற்கப்பட்டால், எந்த உரிமையை எத்தனை காலத்திற்குக் கேட்கிறார்கள் என்பதைப் பெற்றோரும் உடனிருந்து படித்த பின்னரே கையொப்பமிடவேண்டும். கதையை வெளியிட எழுதியவரிடமே பணம் கேட்கும் இடத்தை விட்டு விலகுவது நலம். இறந்த லவ்கிராப்டின் பூதங்களைக் கையாளலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் உரிமை நீங்குகிறது. வாழும் எழுத்தாளரின் படைப்புகளை அவ்வாறு எடுத்தாளலாகாது. இறுதியாக, கணினியை எழுதச் சொல்லித் தன் பெயரை இடும் பழக்கம் இன்று பெருகியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வர்ல்ட்' என்ற அமெரிக்க அறிவியற் புனைகதை இதழ், இத்தகைய கதைகள் வந்து குவிந்ததால் சில காலம் கதை பெறுவதையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. கணினிக்கு மாடிப்படி ஓசையைக் கேட்டு நடுங்கிய இளமை இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, அத்தாயின் உள்ளத்தை உறுத்திய கேள்விக்கு வருவோம். இவ்வாறு எழுதுவது விசுவாசத்திற்கு மாறானதா?

டெர்லெத்துக்கும் இவ்வுறுத்தல் இருந்திருக்கலாம். தாம் எழுதிய கதைகளில் லவ்கிராப்டின் பூதங்களை நன்மைக்கும் தீமைக்கும் இடையே நடக்கும் போராக அவர் மாற்றியமைத்தார். அது லவ்கிராப்டின் கருத்தன்று என்று திறனாய்வாளர் பலர் குறை கூறினர். கதையின் அச்சமும் அதனால் குன்றியது என்றனர். நாமும் இதை மறுப்பதற்கில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு சிலுவையை நட்டுவிட்டால் கதை கிறிஸ்தவக் கதையாகிவிடாது.

யோபுவின் நூலைத் திறந்து பாருங்கள். துன்புற்ற யோபு 'ஏன்?' என்று கேட்கிறார். சூறாவளியிலிருந்து ஆண்டவர் பேசுகிறார். ஆனால் கேட்ட கேள்விக்கு நேர் விடை தருவதில்லை. பூமியின் அடித்தளத்தையும், விண்மீன்களையும், மனிதனால் அடக்க இயலாத லெவியத்தானையும் காட்டுகிறார். தான் எவ்வளவு சிறியவன் என்று கண்ட யோபு கையால் வாய் பொத்துகிறார். மனிதன் சிறியவன் என்ற நடுக்கத்தை வேதாகமம் மறைக்கவில்லை. லவ்கிராப்டின் உலகில் சூறாவளி உண்டு. அதிலிருந்து பேசுபவர் இல்லை. வேறுபாடு இதுவே. அந்த மௌனத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளை விசுவாசத்தை இழந்துவிட்டான் என்று நாம் தீர்ப்பிடலாகாது. இறைவனை நோக்கி 'எங்கே இருக்கிறீர்?' என்று கதறும் சங்கீதங்களையும் நாம் செபமாகவே சொல்கிறோம்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, "அம்மா, உங்கள் மகனுடைய கதையில் தொலைவிலிருந்து வருவது எப்படி வருகிறது?" என்று கேட்டோம்.

"தொலைபேசியில் வருகிறது ஐயா. ஒவ்வோர் இரவும் பேசுகிறது. முதலில் மனிதக் குரலாயிருக்கிறது. நாளாக நாளாக அந்தக் குரல் யாருடையது என்றே அந்த வீட்டாருக்குத் தெரியாமற் போகிறது" என்றார். பின் நெடுநேரம் பேசவில்லை. காகிதங்களை மெல்ல மடித்துக்கொண்டே, "அவனுடைய அப்பா குவைத்துக்குப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார்" என்றார்.

நாம் அதற்குமேல் எதுவும் விளக்கவில்லை. "கதையை அனுப்பட்டும் அம்மா. அதற்கு முன் அவன் தந்தைக்கு ஒரு படி அனுப்புங்கள்" என்று மட்டும் கூறினோம்.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளை எழுதும் கதை உங்களை அச்சுறுத்தினால் அதைக் கிழித்தெறியாதீர்கள். பாராட்டி முதுகில் தட்டிவிட்டு அப்பால் செல்வதும் போதாது. அருகில் அமர்ந்து, "இந்த அச்சம் உனக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். லிவர்பூல் சிறுவருடைய கதையை 1961 இல் திருப்பி அனுப்பிய பதிப்பகமே, 1980 இல் அவரையே தொகுப்பாசிரியராகக் கொண்டு அண்டப் பேரச்சக் கதைகளின் புதிய தொகைநூலை வெளியிட்டது. அதைக் காண டெர்லெத் இல்லை. 1971 இலேயே மறைந்துவிட்டார். ஆனால் ஒரு சிறுவருடைய கதையைப் பொறுமையோடு படித்து, உண்மையைச் சொல்லி, மீண்டும் எழுதச் செய்த அவருடைய உழைப்பு வீண்போகவில்லை. அந்தப் பொறுமையை நம் இல்லங்களில் நாமும் பழகுவோமாக.