மூச்சு சொல்லும் சேதி



"ஒருமுறை ஊதினால் போதும், நுரையீரல் புற்றுநோய் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்" என்ற செய்தியை நீங்களும் நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது புத்தம்புதிய செய்திபோல் வந்துவிடுகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் கட்டுமீறிப் போனவரின் மூச்சில் பழ வாடை வீசுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். 1971-இல் லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க அறிவியலாளரின் குழு, நாம் வெளிவிடும் மூச்சில் ஏறக்குறைய 250 வேதிப்பொருள்கள் கலந்திருப்பதைக் காட்டியது. 1999-இல் மைக்கேல் பிலிப்ஸ் என்ற மருத்துவரின் குழு, அவற்றுள் 22 பொருள்களைச் சேர்த்துப் பார்த்து நுரையீரல் புற்றுநோயை இனங்காண முயன்றது.

பலரையும் வியக்க வைத்தது 2009-இல் வெளியான ஆய்வு. அதை வழிநடத்தியவர் ஹொஸாம் ஹைக். ஆண்டவர் வளர்ந்த அதே நாசரேத்தில் பிறந்த அரபுக் கிறிஸ்தவர். அப்போது இஸ்ரயேலின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியான் நிறுவனத்தில் பணியாற்றினார். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களால் ஆன ஒன்பது சென்சார்களை அவரது குழு பயன்படுத்தியது. அவற்றில் எதுவும் தனியாகப் புற்றுநோயை அடையாளம் காண்பதில்லை. ஒன்பதும் சேர்ந்து தரும் சாயலைக் கொண்டே கணினி முடிவு சொல்கிறது. தெருவில் போகும்போதே இது மீன்குழம்பு என்று நம் மூக்கு சொல்லிவிடுகிறதல்லவா? புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்றா அது கணக்கிடுகிறது?

அப்படியானால், இத்தனை ஆண்டுகளாகியும் இது ஏன் வழக்கமான பரிசோதனையாகவில்லை? சோதனை நடக்கும் அறையின் காற்று, குடித்த தேநீர், பிடித்த பீடி, விழுங்கிய மாத்திரை எல்லாம் மூச்சில் கலந்துவிடுகின்றன. ஓர் ஆய்வகம் கண்ட பொருள்களின் பட்டியல் இன்னோர் ஆய்வகத்தின் பட்டியலோடு ஒத்துப்போவதும் அரிது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய் இருக்கிறது, கருவி நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள 9 பேரைக் கண்டுபிடித்துவிடும். நோயே இல்லாத 990 பேரில் 99 பேரையும் நோயாளி என்று சொல்லி வீட்டையே கலங்கடிக்கும். தப்பிப்போன அந்த ஒருவரோ, "எனக்கு ஒன்றுமில்லை" என்ற நிம்மதியில் வெளியே வந்து அடுத்த சிகரெட்டைப் பற்றவைப்பார். எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகக் கவலை.

நோயில்பூசுதல் வழங்கச் செல்லும் வீடுகளில், "கண்டுபிடிக்கும்போதே முற்றிவிட்டது, சாமி" என்ற சொல்லை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! 2022-இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். எனவே முன்கூட்டியே கண்டறியும் எந்த முயற்சியையும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 53,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து, 2011-இல் முடிவு வெளியான ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்த நெடுநாள் புகைப்பழக்கத்தினரிடையே, வெறும் எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஸ்கேனில் ஐயத்துக்குரியதாகத் தெரிந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் புற்றுநோயே அல்ல! என் எண்ணத்தில், மூச்சுச் சோதனைக்கு முதலில் வேலை கிடைக்கப்போவது இங்கேதான். ஸ்கேனுக்குப் பதிலாக அல்ல. ஸ்கேனில் தெரிந்த கட்டிகளில் யாருக்கு ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பிரித்துச் சொல்வதற்கு.

அதுவரை? நம் நாட்டில் இந்நோயைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது இன்றும் நடக்கிறது. புகையே பிடிக்காதவருக்கும் இது வருகிறது. அவர்களுக்கு இப்படியொரு ஐயமே எழுவதில்லை. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தபின்னும் இருமல் நிற்கவில்லை என்றாலும், சளியில் இரத்தம் கண்டாலும், "நுரையீரலை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். வீட்டில் பெரியவர் கேட்க மறுத்தால், உடன் செல்லும் பிள்ளைகளாவது கேளுங்கள்.