மூளை ஆய்வு எங்கள் கரைக்கும் வர வேண்டும்: அல்சைமர் நோய் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

அல்சைமர் நோயால் மூளையில் நேரும் மாற்றங்களை ஆராய வருவோருக்கு இந்தக் கடற்கரை மக்கள் ஒத்துழைக்கலாமா? கோவளத்திலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் முதியோர் பராமரிப்பில் ஈடுபட்டிருக்கும் எங்கள் அமைப்பின் பதில் இது: ஒத்துழைக்கலாம், ஒத்துழைக்கவும் வேண்டும். ஆனால் வருவோர் சில கடமைகளை ஏற்ற பிறகே.

1906ஆம் ஆண்டு ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்டவற்றை விவரித்தார்: நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிய இழைகள். படிவுகள் அமிலாய்டு புரதத்தாலும் இழைகள் டாவ் புரதத்தாலும் ஆனவை என்று பின்னால் தெரியவந்தது. மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு சேரத் தொடங்கிவிடுகிறது. எழுபது வயதில் தடுமாறும் ஒருவருக்கு நோய் புகுந்தது, அவர் திடகாத்திரமாகக் கடலுக்குப் போய்வந்த ஐம்பதுகளில். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நரம்பியல் அறிவியலாளர் விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் குழு எலிகளில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் முனைகளைத் தாங்கி நிற்பது ஆக்டின் என்ற புரதச் சட்டகம். படிவுகள் கண்ணுக்குத் தெரியும் முன்பே அந்தச் சட்டகம் சரியத் தொடங்குகிறது என்று அக்குழு காட்டியது. அணுக்கள் சாகும்வரை காத்திருக்காமல் தலையிட ஒரு காலம் இருக்கிறது என்ற நம்பிக்கையை இது தருகிறது.

எங்கள் ஊரில் இந்த நோய் ஏன் கண்ணில் படுவதில்லை என்பதையும் மூளை ஆய்வுதான் விளக்குகிறது. புதிய செய்திகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதியும் அதை ஒட்டிய புறணியும் முதலில் பாதிக்கப்படுகின்றன. கைப்பழக்கத்தைக் காக்கும் பகுதிகள் பெரும்பாலும் வெகுகாலம் தப்பிவிடுகின்றன. அதனால்தான் வலையின் கிழிசலைக் கண்ணி பிசகாமல் தைத்துமுடிக்கும் பெரியவர், சாப்பிட்ட கையோடு இன்னும் சோறு போடவில்லையே என்கிறார். மீன் அரியும் வேகம் குறையாத ஆயா, மீதிச் சில்லறையில் தடுமாறுகிறார். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அதில் அன்பு உண்டு. ஆனால் மருத்துவரிடம் போகும் வழியும் அங்கேயே அடைபடுகிறது.

கோவளம் அடங்கிய திருப்போரூர் வட்டாரத்துக்கு இந்நோய் பற்றிய ஆய்வு புதிதல்ல. ஆய்வாளர்கள் எஸ். ராஜ்குமார், ஆர். தாரா உள்ளிட்டோர் இங்கே கணக்கெடுத்து, அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற நோய்களால் நினைவும் சிந்தனையும் மங்கும் நிலை, இருப்பதாக 1997இல் வெளியிட்டார்கள். பிறகு 10/66 என்ற பன்னாட்டுக் குழு சென்னையிலும் வேலூரிலும் ஆராய்ந்தது. வழக்கமான அளவுகோலில் நூற்றுக்கு ஒருவர்கூட நோயாளியாகத் தேறவில்லை. வளரும் நாடுகளுக்கென்று வகுத்த முறையில் பார்த்தபோது ஏழு பேருக்கும் மேல் இருந்தார்கள். பிள்ளைகளும் மருமக்களும் எல்லாம் செய்து கொடுக்கும் வீட்டில் முதியவரின் இயலாமை குறையாகவே தெரிவதில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, அறுபதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது அதிகம்.

தலைக்கணக்கு மட்டும் இனிப் போதாது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில், 45 வயதைக் கடந்த பத்தாயிரம் கிராமத்தாரைச் சேர்த்துப் பல ஆண்டுகள் பின்தொடரும் நோக்கில் ஓர் ஆய்வு நடக்கிறது. நினைவுத்திறன், இரத்தம், மூளை ஸ்கேன் எல்லாம் அதில் அடக்கம். அப்படியொரு ஆய்வு திருப்போரூர் கடற்கரையிலும் வேண்டும். உழவரின் வாழ்க்கையும் மீனவரின் வாழ்க்கையும் ஒன்றல்ல. உப்புக்காற்று, படகு இன்ஜின் இரைச்சல், கருவாட்டு உப்பு, விடிவதற்கு முன் குலையும் தூக்கம் இவற்றோடு வாழும் மூளை எப்படி முதுமை அடைகிறது என்பதை இங்கேதான் படிக்க முடியும்.

ஆய்வுக்கு வருவோரிடம் நாங்கள் கேட்பவை நியாயமானவை. பள்ளிக்கூடம் போகாத ஆயாவிடம் எழுதச் சொல்லியும் படம் வரையச் சொல்லியும் மதிப்பெண் போட்டால், எழுத்தறியாமையையே நோயாகப் பதிவு செய்வார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் சோதனைத் தொகுப்பு முதலில் ஐந்து மொழிகளில் சரிபார்க்கப்பட்டபோது தமிழ் அதில் இல்லை. கரையின் பேச்சுத் தமிழில், எழுத்தறியாதவருக்கும் பொருந்துமாறு சோதனை அமைய வேண்டும். ஒப்புதலை நோயாளியிடம் ஒருமுறை கைநாட்டு வாங்கி முடித்துவிடக் கூடாது; நினைவு மங்க மங்க, குடும்பத்தாரையும் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும்.

நலமாக இருப்பவரின் இரத்தத்தில் டாவ் கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அகன்று போவதை நாங்கள் ஏற்க மாட்டோம். முடிவை அறிய விரும்பாதவரிடம் அதைச் சொல்லக் கூடாது. அறிய விரும்புபவருக்கு ஆலோசனையும் தொடர் சிகிச்சையும் கிடைக்க வேண்டும். அமெரிக்கா 2023இல் லெகானெமாப் என்ற அல்சைமர் மருந்துக்கும் 2024இல் டொனானெமாப் என்ற மருந்துக்கும் முழு அனுமதி தந்தது. இவை நோயின் வேகத்தைக் குறைக்கின்றன, நிறுத்துவதில்லை. மூளையில் வீக்கமும் கசிவும் நேரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அவற்றைக் காட்டி இங்கே யாரும் ஆசை வளர்க்க வேண்டாம்.

இறந்தபின் மூளையை ஆய்வுக்குத் தரும் மூளை தானத்தில் எங்களுக்குள்ளேயே நெடிய விவாதம் நடந்தது. கோயிலும் தர்காவும் மாதா கோவிலும் உள்ள ஊர் இது. இறந்தவரின் உடலைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. முடிவு குடும்பத்தினுடையது, யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆனாலும் தானத்தை நாங்கள் ஆதரிக்கிறோம். பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள குழந்தையின் மூளையை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்சீவல்களாகப் படமெடுத்து 2024 டிசம்பரில் வெளியிட்டது. அந்தத் திறமை இந்தக் கரையின் முதிய மூளைக்கும் பயன்பட வேண்டும். இரவு பகல் பாராமல் தானத்தைப் பெறும் ஏற்பாட்டைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அரசு செய்துதர வேண்டும்.

ஆய்வு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது மந்தம், பார்வைக் குறை உள்ளிட்ட 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீதம்வரை டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் கணித்தது. 2021 முதல் வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள், கொதிப்பையும் சர்க்கரையையும் பார்க்கும்போதே நினைவையும் செவியையும் சோதித்துப் பார்க்க அரசு ஆணையிட வேண்டும்.

நாற்பத்தைந்தைக் கடந்த அண்ணன்மார்களே, அக்காமார்களே, இந்தக் கடமைகளை எழுத்தில் ஏற்று வரும் ஆய்வுக் குழுவுக்குக் கதவைத் திறந்து வையுங்கள். ஏற்காத எந்தக் குழுவுக்கும் எங்கள் அமைப்பு துணை நிற்காது.