வயரா, பற்றரியா? சங்கத்துக்கு எந்த ‘ஹீற் கன்’?

கிணற்று நீரை இறைத்துத் தோட்டம் செய்யும் எமது குடும்பங்களுக்குக் குழாய் வேலை ஓய்வதில்லை. இடம்பெயர்ந்து பிறர் காணியில் பயிர் செய்வோருக்கு அது இரட்டிப்பு வேலை. ஒரு போகத்தில் பதித்த குழாயை மறு போகத்தில் கிளப்பி வேறிடம் கொண்டுபோக வேண்டியுள்ளது. கிளப்பும்போது மூட்டு வெடிக்கிறது, குழாயின் வாய் உடைகிறது, வளைவு பொருந்தாமல் போகிறது. அப்போது எம்மவர் செய்வது என்ன? காய்ந்த ஓலையைக் கொளுத்தி, எஸ்லோன் குழாயை அந்த நெருப்பில் வாட்டி எடுப்பதுதான்.

இது கைவிட வேண்டிய பழக்கம். எஸ்லோன் குழாய் பி.வி.சி. என்னும் பிளாஸ்ரிக்கினால் ஆனது. ஏறக்குறைய 80 பாகை செல்சியசில் அது இளகத் தொடங்கும். வெப்பம் 200 பாகையைத் தாண்டினால் சிதைந்து ஐதரசன் குளோரைட்டு என்ற வாயுவை வெளிவிடும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகிக் கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். நெருப்பில் வாட்டிய குழாயின் வெளிப்புறம் கருகும்போது உட்புறம் இளகாமலே இருக்கும். கருகிய இடம் பலம் இழந்து பின்னர் வெடிக்கும்.

இதற்கு மாற்றாகவே ‘ஹீற் கன்’ என்ற கருவி வந்துள்ளது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. தலைமயிர் உலர்த்தும் கருவியைப் போன்று, ஆனால் அதைவிட மிகச் சூடான காற்றை ஊதும் கருவி அது. குழாயை அளவாக இளக்கலாம். இறுகிய மூட்டைக் கழற்றலாம். நீரிறைக்கும் இயந்திரத்தின் வயர் மூட்டுக்குச் சுருங்கும் உறை போடலாம். இதை வாங்க நினைக்கும் சங்கங்களில் எழும் கேள்வி, மின்சாரத்தில் பொருத்தும் வயர் உள்ளதை வாங்குவதா, பற்றரியில் இயங்குவதை வாங்குவதா என்பதே. எமது சங்கங்களுக்கு வயர் உள்ளதே ஏற்றது என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கணக்கு. வயர் உள்ள கருவி பெரும்பாலும் 1500 முதல் 2000 வாற்று வரை மின்சாரம் எடுக்கும். பற்றரிக் கருவிகளில் பரவலாகப் பயன்படும் 18 வோல்ற்று, 5 அம்பியர்-மணி பற்றரியில் அடங்கியிருப்பது 90 வாற்று-மணி மட்டுமே. அதாவது மின்பட்டியலில் வரும் ஓர் அலகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2000 வாற்றில் ஓடினால் அது மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே பற்றரிக் கருவியின் வலுவைச் சில நூறு வாற்றாகக் குறைத்தே செய்கிறார்கள். அப்படியும் தொடர்ந்து ஊதினால் கால் மணித்தியாலம் அளவே தாங்கும். சிறு உறை சுருக்க அது போதும். இரண்டு அங்குலக் குழாய்களை வரிசையாக இளக்கி வாய் விரிக்கப் போதாது.

‘எமது குடும்பங்கள் பலவற்றுக்கு மின்னிணைப்பே இல்லையே, அவர்களுக்குப் பற்றரிதானே உதவும்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சொந்தக் காணியும் உறுதியும் இல்லாதவர் இணைப்புப் பெறுவது எளிதல்ல. ஆனால் பற்றரியையும் எங்கோ ஒரு பிளக்கில் பொருத்தித்தானே சார்ஜ் ஏற்ற வேண்டும்? அந்தப் பிளக் அயல்வீட்டிலோ, ஆலய மண்டபத்திலோ, சங்கக் கட்டடத்திலோதான் இருக்கும். பற்றரியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவதற்குப் பதிலாகக் குழாயையே கொண்டுபோகலாம். அளவெடுத்து, வாய் விரித்து, வளைத்து முடித்தபின் தோட்டத்தில் பசை பூசிப் பொருத்துவது மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது, திருத்தம். வயர் உள்ள கருவியில் இருப்பவை ஒரு சிறு விசிறி, சூடாகும் கம்பிச்சுருள், சுவிச், வயர் ஆகியனவே. பழுதுபட்டால் ஊரில் மோட்டோர் திருத்துபவர் பிரித்துப் பார்க்கலாம். பற்றரியோ, பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் சில ஆண்டுகளில் வலு இழக்கும். ஒரு கம்பனியின் பற்றரி மற்றக் கம்பனியின் கருவிக்குப் பொருந்தாது. பழைய பற்றரியைக் குப்பையோடு எரித்தால் வெடிக்கும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலில், பாவித்துவிட்டு எறியும் கலாசாரத்தைக் கண்டித்தார். அதன் சுமை முதலில் விழுவது ஏழைகள் மீதே.

மூன்றாவது, எமது அனுபவம். 1990ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் வடக்குக்குக் கொண்டுவரத் தடையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டிருந்த பொருட்களில் பற்றரியும் ஒன்று. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதையும் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரமும் எம்மைக் கைவிட்டதுண்டு. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஆனால் வெட்டிய மின்சாரம் சில மணித்தியாலத்தில் வந்தது. டொலர் இல்லாமல் நின்றுபோன உதிரிப்பாகங்களுக்கோ மாதக்கணக்கில் காத்திருந்தோம். குழாய் வேலை சில மணித்தியாலம் பொறுக்கும், ஒரு போகம் பொறுக்காது.

பற்றரிக் கருவி எவருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டம் தோட்டமாகச் சென்று நீரிறைக்கும் இயந்திரம் திருத்துபவரிடம், துளையிடும் கருவிக்கென ஏற்கெனவே பற்றரிகள் இருந்தால், அதே கம்பனியின் ஹீற் கன் அவருக்குப் பயன்படும். பயிர்செய்யும் குடும்பத்தின் நிலை வேறு. அதற்கு இக்கருவி ஆண்டில் சில மணித்தியாலமே தேவை. அதற்காக விதைக்கும் பசளைக்கும் வைத்த பணத்தைச் செலவிடுவதோ, கடன் எடுப்பதோ தகாது. எந்தக் கருவியானாலும் தனித்தனியே வாங்காமல், இருபது குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்குவதே முறை. ஆதித் திருச்சபையினர் உடைமைகளைப் பொதுவில் வைத்திருந்ததாகத் திருத்தூதர் பணி நூல் கூறுகிறது. எமது கமக்காரர்களும் குளத்தையும் வாய்க்காலையும் கூடிப் பேணியவர்களே.

வாங்கும் சங்கங்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 2000 வாற்றுக் கருவி 230 வோல்ற்றில் ஏறக்குறைய 9 அம்பியர் எடுக்கும். 5 அம்பியர் பிளக்கில் அதைப் பொருத்தக்கூடாது. 13 அம்பியர் பிளக்கும் தடித்த வயரும் அவசியம். நீட்டிப்பு வயரைச் சுருளாக வைத்தபடி பாவித்தால் அது சூடேறி உருகும். முழுவதும் விரித்தே பாவிக்க வேண்டும். ஒரு கேவீஏ அளவுள்ள சிறிய ஜெனரேற்றர் இக்கருவியைத் தாங்காது. ஓலைக் கொட்டிலுக்குள்ளும், தறப்பாளின் கீழும், பெற்றோல், மண்ணெண்ணெய், குழாய்ப் பசை ஆகியவற்றின் அருகிலும் ஊதக்கூடாது. நிறுத்திய பின்னும் அதன் முனை பல நிமிடம் கொதிப்பாகவே இருக்கும். பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். வீட்டில் விரித்த வாய் கடையில் வாங்கும் மூட்டைப் போல் அழுத்தம் தாங்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இயந்திரத்தை அடுத்துள்ள முதல் மூட்டுக்குக் கடை மூட்டே போட வேண்டும்.

சொட்டு நீர்ப்பாசனத்தின் கறுப்புக் குழாய்க்கு இக்கருவியே தேவையில்லை. நுனியைச் சுடுநீரில் சற்று நேரம் அமிழ்த்தினால் மூட்டு எளிதில் ஏறும்.

உதவி நிறுவனங்கள் ‘எது வேண்டும்?’ என்று கேட்டு வரும்போது, புதியது எது, பளபளப்பானது எது என்று பார்த்துக் கையொப்பம் இடாதீர்கள். ஐந்து ஆண்டின் பின் இது எமது கையில் இயங்குமா, பழுதுபட்டால் யார் திருத்துவார், நாம் மீண்டும் சொந்தக் காணிக்குப் போகும்போது எம்முடன் வருமா என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். பெண்களும் இளைஞரும் இருந்து பேசட்டும். பொறுப்பாளர் ஒருவரையும், பதிவுப் புத்தகம் ஒன்றையும், திருத்தச் செலவுக்கான சிறு வாடகையையும் தீர்மானித்த பின்னரே வாங்குங்கள்.